யாருடைய சாவி

என் வீட்டு ஆணியில்
பதினொரு சாவிகள் தொங்குகின்றன.
ஒன்றுகூட என்னுடையதில்லை.
டிவிஎஸ் ஃபிஃப்டி சாவி இரண்டு,
பீரோ சாவி ஒன்று,
முருகன் டாலர் போட்ட ஒரு கொத்து,
செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கதவுக்குப் போலிருக்கிறது,
உள்ளங்கை நீளத்தில் இன்னொன்று.

விழுவது நான்.
எழும்போது கையில் யாருடையதோ இரும்பு.
கொடுத்தவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.
பழைய பஸ் ஸ்டாண்டில் மூன்று முறை,
ஜங்ஷனில் ஒரு முறை,
ஏற்காடு வண்டியில், பதினெட்டாவது
கொண்டையூசி வளைவில் ஒரு முறை.
அன்று அந்தக் குளிரில்
முகத்தில் சோடா உடைத்து ஊற்றி
மூக்கில் செருப்பையும் காட்டியிருக்கிறார்கள்.
கீழே இறங்கும்வரை சட்டையெல்லாம் பன்னீர் வாசம்.

நல்லவர்கள்தான்.
என் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லை உடைத்ததும்
ஒரு நல்லவரின் எவர்சில்வர் கரண்டிதான்.
நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று பயந்தாராம்.
கடித்த நாக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும்.
பல் முளைக்கவில்லை.

கொலுசுப் பட்டறையில்
ஆடிக்கு ஆர்டர் குவிந்த வாரம்.
மூன்று ராத்திரி தூக்கமில்லை.
மாரியம்மனுக்கு விரதம் வேறு.
விரதத்தில் மாத்திரை ஆகாதென்று
யாரும் சொல்லவில்லை,
நானே முடிவு செய்துகொண்டேன்.
நாலாம் நாள் சாயங்காலம்
தட்டுவடை செட்டுக்குக் கை நீட்டினேன்.
பீட்ரூட் துருவலின் சிவப்பு தெரிந்தது.
அப்புறம் இல்லை.

கண் திறந்தால் ஒருக்களித்துக் கிடக்கிறேன்.
தலைக்கடியில் மடித்த துப்பட்டா,
காரச் சட்னி வாடையோடு.
கையைப் பார்த்தேன். காலி.
எனக்கே என்னவோ குறைந்தாற்போல் இருந்தது.

"ரெண்டு நிமிஷம், பத்து செகண்டு,"
பாக்கிச் சில்லறை சொல்வதுபோல் சொன்னாள்
செட்டுக் கடை கோகிலவாணி.
"டாக்டர் கேப்பாங்க, ஞாபகம் வச்சுக்க.
அஞ்சைத் தாண்டியிருந்தா
நூத்தியெட்டைக் கூப்பிட்டிருப்பேன்.
தண்ணி இப்ப வேணாம்,
முழுசா தெளியட்டும்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் முணுமுணுத்தார்:
கல்நெஞ்சக்காரி,
ஒரு இரும்பு கொடுக்க விட்டாளா பார்.
அவள் நிமிரவில்லை.
சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி
அடுத்த தட்டுவடையை எடுத்தாள்.
அவள் மணிக்கட்டில் ஓர் ஆம்பளை வாட்ச்,
வார் நீளமாக, கூடுதலாய் ஓர் ஓட்டை குத்தி.
யாருடையதென்று நான் கேட்கவில்லை.

போன மாதம் வீடு தேடி வந்தார்
ஏற்காடு பஸ் கண்டக்டர் அர்த்தனாரி.
முருகன் டாலர் அவருடையதாம்.
"அன்னைக்கு ராத்திரி வீட்டுப் பூட்டை
உடைச்சுத்தான் உள்ள போனேன்," என்றார்,
குறையாக அல்ல, பெருமையாக.
"சாவி கையில பட்டதும்
டக்குனு நின்னுச்சே, அது போதும்."

அண்ணே, என்றேன்,
இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கிறது அது.
கூட்டம் விலக்கி, பை துழாவி,
நீங்கள் சாவி எடுக்கவே
ஒன்றே முக்கால் நிமிடம் ஆகியிருக்கும்.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.
அடுத்த தடவை யாராவது விழுந்தால்
பைக்குள் கை விடாதீர்கள்.
பக்கத்திலிருக்கும் கல்லை, கம்பியை நகர்த்துங்கள்,
பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள்,
அமுக்கிப் பிடிக்க வேண்டாம்,
வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம்,
வாட்சைப் பாருங்கள். போதும்.

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.
டிக்கெட் மிஷின் போல நடு நடுவே
"ம்ம்" என்று ஒரு சத்தம்.
காப்பி குடித்தார்.
கொத்தை வாங்கி இடுப்பில் செருகினார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து
வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி
என் கையில் வைத்து மூடினார்.
"பூட்டுதான் போயிடுச்சே.
எதுக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும் தம்பி."

பதினொன்று.