வஜ்ரம்

கொட்டச்சேடு இருசப்பனிடம் வாங்கியது.
ஒற்றைக்குழல், வாய்வழியே மருந்து கெட்டிக்கிற
பழைய நாட்டுத் துப்பாக்கி.
லைசென்ஸ் என் பேருக்கு மாற
சேலத்துக்கும் மலைக்குமாய்ப் பதினான்கு நடை,
இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு நடையும் வாந்தி.

மிளகுக்கொடி வேரடியைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது.
எனக்கு இரும்பும் தெரியாது, மரமும் தெரியாது.
தெரிந்தது கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கு.

மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு நாள் துடைத்தேன்.
துரு போனது, கூடவே
பாலீஷ் என்று நான் நம்பிய கறுப்பும்.
அடியில் விரிசல்,
கன்னம் பதியும் இடத்திலிருந்து கட்டைவிரல் வரை.
இருசப்பனை வாயில் வந்தபடி திட்டினேன்.
லைன் வீடு வரைக்கும் கேக்குது என்றாள் அம்சவேணி.

உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
அடிக்கட்டையை அரை அங்குலம் குட்டையாக்கிவிட்டேன்.
இப்போது அது அவள் தோளுக்குத்தான் பொருந்துகிறது.

வஜ்ரம் காய்ச்சினேன். நிறம் சேர
சலித்த காப்பித்தூள் ஒரு சிட்டிகை.
அடைக்கும் முன் பழைய அடைப்பை ஊசியால் நெம்பினால்
வாசனை.
காப்பி.
அதற்கும் கீழே அரக்கு,
அதற்கும் கீழே மெழுகோ என்னவோ, யார் வைத்ததோ.

இருசப்பா, நீயும் ராத்திரி விளக்கைச் சாய்த்து
இப்படித்தான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாயா?

இன்னும் ஒருமுறைகூடச் சுடவில்லை.
தேர்தல் வந்துவிட்டது, ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ஏட்டு புரட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார்,
பதிவேட்டில் எழுதினார்:
கட்டையில் விரிசல் இல்லை.
போன தேர்தல் பக்கத்தில்
இருசப்பன் கைநாட்டு, அதே 'இல்லை'.

மேலே திரும்பி வந்தால்
பட்டப்பகலில் பன்றி வந்துபோயிருந்தது.