தினம் ஒரு வாக்கியம்

சம்மதப் படிவம் பதினோரு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் காய்ச்சல், நடுக்கம், இறப்பு, வாந்தி
என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள்.
எபினேசர் படிக்கவில்லை. டெலிவரி சலானில் போடுகிற மாதிரி
கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

திருவொற்றியூர் வீடு,
என் தம்பியின் விசைப்படகில் எங்கள் பங்கு,
கீமோ தின்றது போக மிஞ்சிய வளையல்,
சர்ச்சில் மூடிய கவரில் வந்தது
எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. பாக்கி நாலு லட்சம்
தண்டையார்பேட்டையில், மூணு வட்டிக்கு.

மெஷின் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுற்றி
ஒரு பை பிரித்தெடுத்தது.
தண்ணீர் கலந்த ரோஸ்மில்க் நிறம்.
அவன் செல்தான், அவன் புற்றை அடையாளம் தெரியாத செல்.
வேறு ஊருக்குக் கொண்டுபோய்
எதிரி முகத்தைக் காட்டிப் பழக்கி அனுப்புவார்களாம்.
"ரீஃபர் கண்டெய்னர் மாதிரி," என்றான்,
இருபது வருஷம் துறைமுகத்துக்கு இறால் இழுத்தவன்.
"வழியில பிளக்கு கழண்டா போச்சு."

திரும்பி வந்ததை ஏற்ற பதினைந்து நிமிஷம்.
நாற்பத்திரண்டு லட்சம்.

அதன்பின் காலைதோறும் சிஸ்டர் ஒரு தாளை நீட்டுவாள்.
ஒரு வாக்கியம் எழுதுங்க.
மூளைக்கு ஏதாவது ஆனால்
கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.
முதல் நாள்: வண்டி எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கிறது.
இரண்டாம் நாளும் அதே. சோம்பேறி.
மூன்றாம் நாள் நூற்றிநாலு காய்ச்சல்.
"செல்லுங்க சண்டை போடுது, எதிர்பார்த்ததுதான்," என்றார் டாக்டர்
மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.
நாலாம் நாள்: வண்டி. எண்ணூ. அப்புறம் வெறும் கோடு.
ஐந்தாம் நாள் பேனாவைக் காட்டி, இது என்ன?
"நங்கூரம்."
என்னைக் காட்டி, இவங்க யாரு?
வெகுநேரம் பார்த்தான்.
"செக்போஸ்ட்."

சிரித்துவிட்டேன்.
பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து
ஒன்பதாம் பக்கத்தின் அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்,
வாந்தியில் முடிகிற வரியை.

ஊசிகள். கணக்கில் வராத ஊசிகள்.
ஒன்பதாம் நாள் கோணலாக வந்தது:
வண்டி நகருது.

இப்போது ராயபுரத்தில் வாடகைக்கு, இரண்டாம் மாடி.
எட்டு வாரம் ஸ்டியரிங் தொடக் கூடாது.
கூட்டம் கூடாது, மீன் மார்க்கெட் கூடாது.
ஜன்னலில் நின்று போகிற டிரெய்லர்களை எண்ணுகிறான்,
ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனைத் திட்டுகிறான்.
ஸ்கேன் இருபத்தாறாம் தேதி.
என்ன வரும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் காலண்டர் தாளைக் கிழித்து,
பின்பக்கம் மேலே தெரியும்படி, பேனாவோடு
அவன் டீ பக்கத்தில் வைக்கிறேன்.
"இன்னுமாடி?" என்கிறான்.
எழுது.