சான்டோஸில் மழையா?

நாலாம் குறுக்குத் தெருவில் ஷட்டர் ஏறும்போது
பிரேசிலில் நடுச்சாமம் தாண்டி அரை மணிதான்.
அந்த நாட்டை
அது உறங்கும்போதே பார்ப்பவள் நான்.

என் வேலை சீனி.
சரியாகச் சொன்னால்
சீனி விளையும் இடத்து வானம்.
திரையில் பச்சையும் மஞ்சளுமாய் மழை நகர்வதைப் பார்த்து
மஹ்ரூப் முதலாளிக்கு
ஒரு வரியில் சொல்ல வேண்டும்.
ஒரு வரிக்குள் அடங்காத நாடு அது.

நமக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கும் நிலநடுக்கோடு
அங்கே நெற்றியில் ஓடுகிறது.
மகாபா என்ற ஊரில்
ஒரு பந்தாட்ட மைதானத்தின் நடுக்கோடே அதுதானாம்.
"அப்ப வெயிலுக்கு எந்தப் பக்கம் கோல்?"
மூட்டை இறக்கி வைத்துக் கேட்டார்
நாட்டாமி செபமாலை.

மனாவுஸில் கறுப்பாறும் மண்ணிற ஆறும் சேர்ந்தும்
கலக்காமல் கிலோமீற்றர் கணக்கில்
பக்கம் பக்கமாய்ப் போகின்றன,
ஒரே வீட்டில் பேசாதிருக்கும் இருவரைப் போல.
காடு குடித்த தண்ணீரை மூச்சாய் விட
அது இன்னோர் ஆறாகி வானத்தில் மேற்கே போய்
அந்தீஸ் மலையில் முட்டித் தெற்கே திரும்பி
கரும்பில் விழுகிறது.
வடகிழக்கில் அதுவும் இல்லை.
முள்மரங்கள் இலை உதிர்த்து
வெள்ளை எலும்பாய் நின்று காத்திருக்கும்.
பரனாவிலோ சில ஜூலையில் கோப்பிச் செடி கருகும்,
வெயிலில் அல்ல, உறைபனியில்.
முதலாளி நம்பவில்லை.
"ஜூலையில பனியா? கூகிள் சும்மா சொல்லும்."
அடுத்த வாரம் விலை ஏறியது.
நம்பினார்.

மே மாதக் கடைசியில்
நாகலகம் வீதி அளவுகோலில் களனி
ஏழடி தாண்டியது.
வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கை
முதலில் முழங்கால், பிறகு இடுப்பு.
அதற்குப் பிறகு நாங்கள் அளக்கவில்லை.
சோமலதா அக்காவின் மொட்டை மாடியில்
இரண்டு குடும்பம், ஒரு காஸ் சிலிண்டர்,
என் சான்றிதழ்க் கோவை,
கூட்டில் யாருடையதோ ஒரு கிளி.

மாலை ஆறு மணிக்கு ஃபோன்.
"சுகிர்தா, சான்டோஸில மழையா புள்ள?"
மழை விழுந்தால் கப்பல் மூடியை இறுக்கிவிடுவார்கள்,
சீனி ஏறாது,
காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டொலரில் தண்டம்.
எனக்குத் தெரியும், அவர் கெட்டவர் இல்லை.
வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில் இருப்பவர்.

ஏழு வீதம் சார்ஜ்.
படத்தைத் திறந்தேன்.
சான்டோஸுக்கு மேலே ஒரு நிறமும் இல்லை.
விரலால் பூமியைத் தள்ளி இந்தப் பக்கம் வந்தேன்.
தீவின் தென்மேற்கு முழுதும் ஊதா.
அதற்குள் எங்கேயோ
தார்ப்பாயின் கீழ் நாங்கள்.

"இல்லை முதலாளி. அங்கே நல்ல வெளிப்பு."
"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.
வைக்கப் போனவர், ஒரு நொடி நின்று,
"அங்க தண்ணி வந்திச்சா?" என்றார்.
எந்த அங்கே என்று
எனக்கு உடனே விளங்கவில்லை.

பிறகு துறைமுக முகவர் ஜாசிராவின் செய்தி:
ஏற்றுகிறோம், இரவுக்குள் முடியும்.
இரண்டு வருடமாய் எழுதிக்கொள்கிறோம்,
தொன், திகதி, கப்பலின் பெயர்.
இன்று கீழே இன்னொரு வரி:
உங்கள் பக்கம் மழையா?

தட்டத் தொடங்கினேன், அழித்தேன்.
அவளுடைய ஊரின் மழையை
மில்லிமீற்றரில் சொல்வேன்.
என்னுடையதற்கு
மாடிப்படியில் மூன்றாம் படி என்ற அளவுதான் இருந்தது.
மூன்றாம் படி என்றே அனுப்பினேன்.
அவளுக்கு என்ன விளங்கியதோ,
ஃபோன் அணைந்துவிட்டது.

சோமலதா அக்கா தேத்தண்ணி ஊற்றினார்.
"சீனி இருக்கா நங்கி?"

இருந்தது.
கீழே, குசினி அலுமாரியின் அடித்தட்டில்
இரண்டு கிலோ, பிரிக்காத பை.
இந்நேரம் எங்கள் சுவரோரமாய்க் களனி
கொஞ்சம் இனித்துக்கொண்டு போயிருக்கும்.

வெறும் தேத்தண்ணியைக் குடித்தோம்.
கிளிக்கும் கொஞ்சம் ஆற்றி வைத்தோம்.