வழி கேட்க மட்டும்

எங்கள் வாசலில் கார்கள் நிற்பது வழி கேட்க.
கண்ணாடி பாதி இறங்கும்.
"காசில்மோர் இந்தப் பக்கமா?"
நேரே மூன்று மைல், தேவாலயம் தாண்டி இடது.
"பிட்லோரன்?"
வந்த வழியே திரும்பி நான்கு மைல்.
நடுவில் கிடக்கிறது ட்ரம்ஹேவி,
பதினேழு வருடமாய் நான் புல் வெட்டும் கோல்ஃப் மைதானம்,
இரண்டு உரத்த குரல்களுக்கு இடையே
யாரோ மூச்சு வாங்கிய இடம்போல.

வந்து இறங்கிய அன்று கை கால் நீட்ட
ஊறுகாயாய் எங்களைத் தொட்டுக்கொள்பவர்கள் உண்டு.
மறுநாள் விருந்து வேறிடத்தில்.

குறைகளை நானே சொல்லிவிடுகிறேன்.
நீளம் போதாது.
முதல் குழி ஒரு மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான்.
கடல் ஆறாவதில் மட்டும் தெரியும், அதுவும்
இரண்டு மணல்மேட்டின் இடுக்கில்
கைக்குட்டை அளவு.
பதினெட்டாவது, கொடிவரை நூற்றைம்பது கஜம்கூட இல்லை.
பேச்சின் நடுவே எழுந்து போவதுபோல
இப்படியா ஒரு மைதானம் முடியும் என்பார்கள்.

பதின்மூன்றாவது கிரீனுக்கு முன்னால் ஒரு கல்சுவர்.
ஆடுகள் இருந்த காலத்துச் சுவர்.
ஆடுகள் போய்விட்டன,
சுவரை யாரும் போகச் சொல்லவில்லை.
பந்து அதில் பட்டு
அடித்தவர் காலடிக்கே திரும்பி வரும்.
சிரிப்பையும் கெட்ட வார்த்தையையும்
ஒரே வாயில் ஒரே நொடியில்
நான் அங்குதான் பார்த்திருக்கிறேன்.

போன மே மாதம் பட்டியல்காரர் வந்தார்.
கிளெய்போர்ன் ஹாஸ்கெல், ஜார்ஜியாவிலிருந்து.
நூறு மைதானங்களுக்கு மதிப்பெண் போடும்
பன்னிரண்டு பேரில் ஒருவர்.
செயலாளர் எல்ஸ்பெத் குரூக்ஷாங்க்
புதுத் திரைச்சீலை மாட்டினாள்.
நான் விடியுமுன் எழுந்து
ஒவ்வொரு கிரீனிலும் நீளக் கழியால் பனி தட்டினேன்.

ஒன்பது மணிக்குக் கடலிலிருந்து மூட்டம் ஏறியது.
ஹார் என்போம் இங்கே.
எங்களிடம் இருந்த கைக்குட்டைக் கடலையும்
அது எடுத்துக்கொண்டது.
ஜன்னலில் நின்ற எல்ஸ்பெத்தின் உதடுகள் அசைந்தன,
ஜெபமாக இருக்காது.

பந்து தேட நானும் கூடப் போனேன்.
கொடி தெரியாதபோது
நிலத்தின் சாய்வைப் பாதம்தான் சொல்ல வேண்டும்.
இரண்டாவதில் கேமராவை உறைக்குள் போட்டார்.
ஐந்தாவதில் குனிந்து புல்லைத் தொட்டு,
"இந்தச் சரிவை யார் வெட்டியது?"
யாரும் வெட்டவில்லை.
வரைந்தவரிடம் இருந்தது இரண்டு குதிரை, ஒரு கோடைகாலம்.
நிலம் போன பக்கமெல்லாம் பின்னாலேயே போனார்.

பதினொன்றில், மேட்டைத் தாண்டியவர் மணி அடிக்க வேண்டும்,
பின்னால் வருபவருக்காக.
பின்னால் யாருமில்லை.
அடித்தார்.
சற்று நின்று
இன்னொரு முறையும் அடித்தார்.

சுவரில் சத்தம் மட்டும் கேட்டது.
வெள்ளைக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து
அவர் ஷூவை முட்டி நின்றது.
நோட்டை எடுத்தார். எழுதவில்லை.

கடைசிக் கொடியருகே, "முடிந்துவிட்டதா?" என்றார்.
இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தான்
அது அப்படி முடிகிறது என்று
எனக்கே அன்றுதான் உறைத்தது.

செப்டம்பரில் பட்டியல் வந்தது.
காசில்மோர் நான்கு. பிட்லோரன் பதினொன்று.
தொண்ணூற்றேழில் இருந்த நாங்கள்
எங்குமே இல்லை.
எல்ஸ்பெத் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

எனக்கு வலிக்கவில்லை என்றால் பொய்.
ஆனால் மீன்கடை எஃபி
கடையைக் கழுவிவிட்டு வருவாள்,
மூன்றே மட்டைகள், ஒரு நாய்,
கையில் இன்னும் ஹாடக் வாசனை.
இருட்டும்வரை ஏழெட்டுக் குழி.
பெயர் பெற்றுவிட்டால் அந்த மாலைநேரம்
அவளுக்கு விலை எட்டாது.
இதைக் கமிட்டியில் நான் சொன்னதில்லை.

இன்று காலை ஒரு கார்.
"காசில்மோர்?"
நேரே மூன்று மைல், தேவாலயம் தாண்டி இடது.
நன்றி என்றார்.
எஞ்சினை அணைக்கவில்லை.
இறக்கிய கண்ணாடியை ஏற்றவுமில்லை.
என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே கேட்டார்,
"அங்கே ஏன் ஒரு சுவர்?"