ஏழு பத்துக் கப்பல்

டீசல் ஓடிய நாட்களில்
கரை நெருங்குவதைக் கோப்பைகள்தான் சொல்லும்.
வேகம் குறைந்தால் அலமாரியில்
குளிரில் பல் தந்தியடிப்பது போல ஒரு நடுக்கம்.
உடனே கல்லாவைப் பூட்டிவிட்டு
மேசை துடைக்கப் போவேன்.
பதினேழு வருடம் அப்படித்தான்.

இப்போது கோப்பைகள் ஊமை.

மார்ச்சில் பழைய கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள்.
வந்தது இது,
வயிற்றில் மின்கலம் அடுக்கிய வெள்ளைக் கப்பல்.
துறையில் நின்றதும் ஓர் இரும்புக் கை தானாக நீண்டு
விலாவைத் தடவித் தேடிச் செருகிக்கொள்கிறது.
கார்கள் இறங்கி, கார்கள் ஏறி முடிவதற்குள்
அடுத்த கரைக்கு வேண்டியது நிரம்பிவிடும்.
மலையுச்சிப் பனி உருகிக் குழாயில் விழுகிறதே,
அந்தத் தண்ணீர்தான் நம்மைத் தள்ளுகிறது என்கிறார் கேப்டன்.
விழுகிற தண்ணீர்
கிடக்கிற தண்ணீரைக் கடக்க வைக்கிறது.
எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

புகை இல்லை.
என் தலைமுடியில், தலையணையில்,
வாஃபிள் மாவில்கூட ஏறியிருந்த அந்த வாடை இல்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
கேட்கிறது என்பதைத் தவிர.

எல்லாமே கேட்கிறது.
பள்ளி ஆசிரியை வக்கீலிடம் போனில் கெஞ்சுவது,
லாரிக்காரர் கடன் தவணைகளை விரல்விட்டு எண்ணுவது,
ஜன்னலோரம் தூங்கும் பையனின் மூக்கடைப்பு.
முன்பு எஞ்சின் இருந்தது.
யார் அழுதாலும் மேலே இழுத்துப் போர்த்திவிடும்,
எண்ணெய்ப் பிசுக்கேறிய தடித்த கம்பளி.
ஒரே வாரத்தில் ஊர் முழுக்க
சர்ச்சுக்குள் நுழைந்தது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

ஓட்மாருக்கு மட்டும் உறைக்கவில்லை.

தினமும் பின்கதவுக் கண்ணாடியருகே நின்று
யோருனிடம் பேசுவார்.
யோருன் போய் ஆறு குளிர்காலம்.
உதடு அசையும், அது எங்களுக்குத் தெரியும்.
என்ன பேசினார் என்பது எஞ்சினுக்கு மட்டும்.

அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது:
நிலவறையில் உருளைக்கிழங்கு முளைவிட்டது,
மூத்தவள் போன் எடுக்காதது,
உன் பக்கத்துப் போர்வையை
நான் இன்னும் உதறவில்லை, கோபித்துக்கொள்ளாதே, என்பது.
முப்பது பேர் கையில் கோப்பை அப்படியே நின்றது.
கீழே வைத்தால் சத்தம் வரும்.

பேச்சு நின்றது.
அவர் தோள் மெல்லத் திரும்பத் தொடங்கியபோது
என் கை காப்பி அரைக்கும் இயந்திரத்தை அழுத்தியிருந்தது.
உள்ளே கொட்டை இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.
கடகடவென்று ஒரு சத்தம்,
அசிங்கமான, அருமையான சத்தம்.
லாரிக்காரர் தேவையில்லாமல் இருமினார்.
ஆசிரியை ஸ்பூனைத் தட்டில் போட்டார்.
ஓட்மார் கண்ணாடிப் பக்கமே திரும்பிக்கொண்டார்.
உதடு அசைந்தது.

இதுவும் அதே மின்கலத்தில்தான் ஓடுகிறது.
மலைத் தண்ணீரில் ஒரு கரண்டி அவருக்கு, போகட்டும்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து
கணக்கைப் புரட்டினார்.
காப்பிக்கொட்டைச் செலவு ஏன் இப்படி ஏறுகிறது, சுன்னிவா?

குளிர், நிறையக் குடிக்கிறார்கள் என்றேன்.
குறித்துக்கொண்டார்.

ஜூன் மாதம்.