நான்கு மணிக்கே பளபளத்துவிட்டது

நான்கு மணிக்கே வண்டி பளபளத்துவிட்டது.
நைனா முகம்மது அண்ணன்
கறுப்புக் கதவில் தெரிந்த தன் சட்டையை
மூன்று கோணத்தில் படம் பிடித்து
குவைத்துக்கு அனுப்பியும் விட்டார்.
வண்டி அங்கிருக்கும் தம்பியுடையது.
"முடிஞ்சுதாம்மா?"
இல்லை என்றேன்.

பாலிஷ் போகும்போது
தன் எண்ணெயை விட்டுவிட்டுப் போகும்.
அது கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு
கீறலே இல்லை என்று சொல்லும்.
அதன் மேல் சீலண்ட் பூசினால்
சீலண்ட் வண்டியைப் பிடிக்காது,
எண்ணெயைப் பிடிக்கும்.
நாலு கழுவலில் எண்ணெய் கிளம்பும்,
இதுவும் கூடவே கிளம்பும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
தலைக்கு எண்ணெய் வைத்த நாளெல்லாம்
பத்து மணிக்குள் என் ஸ்டிக்கர் பொட்டு காணாமல் போகும்.
போன மாதம் ஒன்றை
வெள்ளை இன்னோவாவின் கூரையில் கண்டெடுத்தான் அருளப்பன்.
வழக்கறிஞர் வண்டி.
நல்லவேளை, அவர் வருவதற்கு முன்.

மன்னார்குடி புறவழிச்சாலையில்
கொள்முதல் நிலையத்துக்கு எதிரே எங்கள் தகரக் கொட்டகை.
அங்கே நெல் தூற்றினால் இங்கே தும்மல்.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கி
தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியைப் படுக்கவைத்தோம்.
பானெட்டில் புறங்கை வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது.
சூட்டில் தெளித்தால் ஸ்பிரிட்
துடைப்பதற்குள் பறந்துவிடும்,
எண்ணெய் மட்டும் இடம் மாறிப் படுத்திருக்கும்.

ஸ்பிரிட் பாதி, பேட்டரித் தண்ணீர் பாதி.
இரண்டு முழம் இடத்துக்கு மூன்று பீச்சல்.
ஒரு துணி எடுக்க, ஒரு துணி உலர்த்த,
மடிப்பு மாற்றி மாற்றி.
அழுத்தக்கூடாது. அழுத்தினால்
துணியே புதுக் கோடு போடும்.
கொட்டகை முழுக்க ஊசி போடும் அறை வாசனை.

அப்புறம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.

ஓட்டுநர் கதவில், சாவித் துளையைச் சுற்றி
கோழி கிளறியதுபோல் கோடுகள்.
"நல்லா இருந்ததக் கெடுத்துட்டியேம்மா."
"நான் கெடுக்கலண்ணே. இருந்துச்சு. இப்பத் தெரியுது."

அவர் பதில் பேசவில்லை.
நானும் பேசாமல் மெஷினை எடுத்தேன்.
அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி பாலிஷ்,
மறுபடி எண்ணெய்,
மறுபடி ஸ்பிரிட்.
கரண்ட் வேறு ஒருமுறை போய் வந்தது.
கோடுகளில் இரண்டு மட்டும் போகவில்லை.
இதற்கு மேல் தேய்த்தால் பெயிண்டே தேய்ந்துவிடும்.
சொன்னேன்.
அதையும் படம் பிடித்து அனுப்பினார்.

குவைத்திலிருந்து குரல் வந்தது, ஸ்பீக்கரில், சிரிப்போடு:
"அது நான் போட்டதுதாண்ணே.
திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின ராத்திரி.
இருட்டுல துளை கிடைக்கல."

"பாத்தியா, இதான்" என்று
அண்ணன் விரலால் தொட்டுக் காட்டினார்.

விரலிலும் எண்ணெய் இருக்கிறது.
விளக்கொளியில் ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது.
துடைத்தேன்.
பக்கத்துக் கதவில் சாய்ந்தார்.
துடைத்தேன்.
மூன்றாவது முறை
ஒரு புதுத் துணியை மடித்து
அவருடைய இரண்டு கையிலும் கொடுத்து
"இத புடிச்சிக்கிட்டே நில்லுங்கண்ணே" என்றேன்.
நின்றார்,
பந்தி பரிமாறக் காத்திருப்பவர்போல.

சீலண்ட் சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.
கூரை, பானெட், டிக்கி, நாலு கதவு.
கடைசிக் கதவை அருளப்பன் துடைத்து முடிக்கவும்
தகரத்தில் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.
ஐப்பசி. எதிரே தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
நாங்கள் ஷட்டரைத் தரைவரை இறக்கினோம்.

"மழையில எடுத்துட்டுப் போலாமா?"
"நாளைக்குக் காலைல வாங்கண்ணே.
ராத்திரி பூரா அது காயணும்."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
திருவாரூர் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்.
படியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்,
என் புதுத் துணி
இன்னும் அவர் கையில்.
அதால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.