மான் தின்ற பக்கம்

என் பட்டச் சான்றிதழை
முதலில் விரும்பி எடுத்தது ஒரு மான்.

கோட்டை வாசலுக்குக் கிட்ட,
போட்டோகொப்பிக் கடைக்கு வெளியே,
கையில் தொங்கிய தாளின் மூலையை
நாக்கால் தொட்டுப் பார்த்து,
"இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு" வரைக்கும்
ஆறுதலாய் மென்றுகொண்டு போனது.
"பிரதிதானே தம்பி, விடுங்கோ.
இன்னொண்டு அடிச்சுத் தாறன்."
வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன்.
மானுக்கு மட்டும் சிரிப்பில்லை;
அடுத்த பக்கத்துக்குக் காத்துக்கொண்டு நின்றது.

அதற்கு முதல்
கச்சேரிக்கு முன்னால் பந்தல் போட்டு
நாற்பத்தாறு நாள் இருந்தோம்.
பதாகையின் இடப்பக்கத் தடி என் பொறுப்பு.
பட்டம் முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.
சம்பளம், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல்.
வலப்பக்கத் தடியைப் பிடித்த கோகுலராஜ்
முப்பதாம் நாள் ருமேனியாவுக்குப் போய்விட்டான்.
காற்றுக்குப் பதாகை
என் பக்கமாய்ச் சுருண்டது.

இறுதியாண்டு ஆய்வுக்கு
கன்னியாவின் ஏழு கிணறுகளையும்
தொண்ணூறு விடியல்கள் அளந்தோம்,
நானும் றிஸ்மியாவும்.
கயிற்றில் வெப்பமானியை அவள் இறக்குவாள்,
நான் எழுதுவேன்.
டிக்கெட் கவுண்டர்க்காரர்
பத்தாம் நாளோடு காசு கேட்பதை நிறுத்திவிட்டார்.
குளிக்க வந்த சனம்
வாளியோடு நின்று பார்க்கும்:
"இன்னுமா சூடு பாக்கிறியள்?
தலையில ஊத்தினாத் தெரியும்தானே!"
மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில்
ஒரு கட்டுத்தான்.
என்றாலும் சூடு வேறு.
ஏன் என்று எழுதத் தெரியாமல்
"மேலதிக ஆய்வு தேவை" என்று முடித்தோம்.

ஏஜென்சி நிஸ்தார்
விண்ணப்பத்தை இரண்டுதரம் வாசித்தார்.
பேனையை மூடினார்.
"இந்தப் பட்டத்தப் போடாதீங்க தம்பி.
படிச்சவன் நிக்கமாட்டான் எண்டு பயப்படுவாங்க.
ஓ.எல். எண்டு போடுங்க, காணும்."
மான் விட்டுவைத்த மிச்சத்தை
அன்றைக்கு நானே மென்றேன்.

அம்மா சங்கிலியை அடகு வைத்த சீட்டை
என் சான்றிதழ்க் கோப்புக்குள் செருகினா.
"ரெண்டும் பத்திரம்" என்றா.
பிறகு யோசித்து,
"இதுக்குத் தவணை இருக்கு,
அதுக்கு இல்லை" என்றா.

இரவு ரயில் சீனக்குடாவைத் தாண்டும்போது
பற்றைக்குள் துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கிகள்
இருட்டிலும் இருட்டாய் நின்றன.
உள்ளே ஒன்றுமில்லை என்பார்கள்.
யாராவது தட்டினால்
எவ்வளவு நேரம் ஒலிக்குமோ.

இங்கே எட்டுக் குளிரறைகள்.
கதவின் அந்தப் பக்கம் பாலைவனம்,
இந்தப் பக்கம் மீன், இறால், கோழி.
மணிக்கொருதரம் நான் போய்
எண்ணைப் பார்த்து எழுதவேண்டும்.
கழித்தல் பதினெட்டு.
கழித்தல் பதினெட்டு.
கழித்தல் பதினெட்டு.
வேறு எண் வந்தால் யாருக்கோ வேலை போகும்.
மேற்பார்வையாளர் சுகதன், கொல்லத்துக்காரர்,
தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"இவ்வளவு ஒழுங்காய்க் கோடு போட
எங்கே படித்தாய்?"
"ஓ.எல்.லில்" என்றேன்.

நேற்றிரவு றிஸ்மியாவின் குரல்பதிவு வந்தது.
மூதூரில் அபிவிருத்தி உத்தியோகத்தராம்,
மேசை கிடைத்துவிட்டதாம்,
கதிரை இன்னும் இல்லையாம்.
பின்னால் வாளிச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல்.
"கன்னியாவுக்கு வந்தனான்.
பழைய வெப்பமானிதான், உடையேல்ல.
நாலாவது கிணறு
முப்பத்தொன்பது தசம் ஆறு.
எழுதிக்கொள்."

கை பழக்கத்தில் எழுதிவிட்டது,
நாலாம் அறையின் கட்டத்துக்குள்.

அடித்தல் திருத்தல் கூடாது இங்கே.
முதல் மணியிலிருந்து
முழுத் தாளையும் திரும்ப எழுதினேன்.
கெட்ட தாளைக் கொடுக்க
இந்த ஊரில் ஒரு மானும் இல்லை.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
ஐந்தாம் அறையைத் திறந்தேன்.